ஏழு ஓட்டில் ஒன்றா, கடனில் இருக்கும் சங்கமா?

1976 நவம்பர் 2ஆம் தேதி அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜிம்மி கார்ட்டர் ஜெயித்தார். நான்கு நாள் கழித்து, 6ஆம் தேதி, 1909இல் தொடங்கிய கறுப்பின உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யின் நிர்வாகக் குழு கூடி, ராய் வில்கின்ஸுக்கு அடுத்த செயல் இயக்குநராக பெஞ்சமின் ஹூக்ஸை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தது. ஹூக்ஸுக்கு அப்போது 51 வயது. வாஷிங்டனில் மத்தியத் தகவல்தொடர்பு ஆணையத்தில், சுருக்கமாக எஃப்.சி.சி.யில், ஆணையராக இருந்தார். பதவிக்காலம் 1979 ஜூன் 30 வரை இருந்தது.

இரண்டரை வருடத்துக்கு மேல் மிச்சம் இருக்கிற அரசு நாற்காலியை விட்டுவிட்டு, கடனில் தத்தளிக்கிற ஒரு சங்கத்துக்கு யாராவது போவார்களா? நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டிருந்தால் கையைப் பிடித்து உட்கார வைத்திருப்பார்கள். ஹூக்ஸ் போனார். போனது சரியா என்று அப்போதைய நிலவரத்தை வைத்து எடைபோட்டுப் பார்ப்போம். எனக்குத் தெரிந்து அவர் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. ஆணையராகவே மிச்சக் காலத்தை முடிப்பது, கார்ட்டர் ஆட்சியில் ஆணையத்தின் தலைவர் பதவிக்கு முயல்வது, வக்கீல் தொழிலுக்குத் திரும்புவது, என்.ஏ.ஏ.சி.பி.க்குப் போவது. அவர் அதுவரை உட்கார்ந்திருந்த நாற்காலிகளைப் பார்க்காமல் இந்த நான்கையும் ஒப்பிட முடியாது. எனவே கொஞ்சம் பின்னால் போகிறேன்.

ஹூக்ஸ் 1925இல் டென்னஸி மாநிலம் மெம்ஃபிஸில் பிறந்தவர். அப்பாவும் அப்பாவின் சகோதரரும் பீல் தெருவில் போட்டோ ஸ்டூடியோ நடத்தினார்கள். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் சேர்ந்தபோது இத்தாலியப் போர்க் கைதிகளுக்குக் காவல் நிற்கும் வேலை கிடைத்தது. அமெரிக்க மண்ணில் சில ஓட்டல்களில் அந்தக் கைதிகள் உட்கார்ந்து சாப்பிடலாம். துப்பாக்கியோடு காவல் நிற்கிற ஹூக்ஸ் உள்ளே போக முடியாது. பிற்பாடு பல பேட்டிகளில் இதைச் சொல்லியிருக்கிறார். சட்டம் படிக்கத் தீர்மானித்தபோது டென்னஸியில் கறுப்பர்களைச் சேர்க்கும் சட்டக் கல்லூரி இல்லை. சிகாகோவில் டிபால் பல்கலைக்கழகத்தில் படித்து 1948இல் பட்டம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்.

மெம்ஃபிஸ் கோர்ட்டில் அவரைப் பெயர் சொல்லி 'பென்' என்று கூப்பிட்டாலே அன்றைக்கு அதிர்ஷ்டம். பெரும்பாலும் 'பாய்' (பொடியன் என்கிற ஏளனம்) தான். வெள்ளை வக்கீல்கள் சங்கத்தில் இடம் கிடையாது, கோர்ட் குமாஸ்தாக்களிடம் அவமானம் தினமும் உண்டு. 1954இல் மாநிலச் சட்டமன்றத்துக்கு நின்று தோற்றார். சிறார் நீதிமன்ற நீதிபதி பதவிக்கு 1959இலும் 1963இலும் நின்று இரண்டு தடவையும் தோற்றார். (அமெரிக்காவின் பல மாநிலங்களில் நீதிபதிகள் தேர்தலில் நின்றுதான் வருகிறார்கள் என்பது நமக்கு எப்போதுமே கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும்.) நடுவில் 1956இல் பாப்டிஸ்ட் போதகரானார். 1965இல் ஷெல்பி கவுண்டி கிரிமினல் கோர்ட்டில் ஓர் இடம் காலியானபோது ஆளுநர் ஃபிராங்க் கிளெமென்ட் அவரை நியமித்தார். டென்னஸி வரலாற்றில் அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பர் அவர்தான். அடுத்த வருடம் தேர்தலில் நின்று அதே நாற்காலியை ஜெயித்தும் காட்டினார்.

'பாய்' என்று கூப்பிட்ட ஊரில் 'யுவர் ஆனர்' என்று எழுந்து நிற்க வைத்தது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் நீதிபதியின் நாற்காலிக்கு ஒரு குணம் உண்டு. கேஸ் கட்டு மேசைக்கு வந்தால்தான் அவருக்கு வேலை. எந்தக் கேஸ் வர வேண்டும் என்பதை அவர் தீர்மானிக்க முடியாது. 1968இல் மெம்ஃபிஸ் குப்பை அள்ளும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்காக வந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4ஆம் தேதி அதே ஊரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஊரின் குற்றவியல் நீதிபதிகளில் ஒருவராக ஹூக்ஸ் அப்போது உட்கார்ந்திருந்தார். அதே வருடம் பதவியை ராஜினாமா செய்தார். போன இடம்தான் வேடிக்கை: நற்செய்திப் பாடகி மகேலியா ஜாக்சன் பெயரில் தொடங்கிய வறுத்த கோழிக் கடைத் தொடர். அதன் தலைவராக இருந்தார். கடை நிலைக்கவில்லை. ஆக, உறுதியான நாற்காலியை நடுவழியில் விட்டுப் போவது 1976இல் அவருக்குப் புதிது இல்லை. ஒரு தடவை விட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்தான்.

இப்போது முதல் வழி. ஆணையராகவே தொடர்ந்திருந்தால்?

1972இல் அதிபர் நிக்ஸன் அவரை எஃப்.சி.சி.க்கு நியமித்தார். 1934இல் தொடங்கிய ஆணையத்தில் 38 வருடம் கழித்து உட்கார்ந்த முதல் கறுப்பர். அப்போது ஆணையத்தில் ஏழு பேர், ஏழு வருடப் பதவிக்காலம். ரேடியோ, டி.வி. நிலையங்களுக்கு உரிமம் கொடுப்பது, மூன்று வருடத்துக்கு ஒரு முறை அதைப் புதுப்பிப்பது, தொலைபேசிக் கட்டணத்தைக் கண்காணிப்பது எல்லாம் அவர்கள் கையில். அதிகாரம் எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு போதும். 1971இல் நாட்டில் சுமார் 7,500 ரேடியோ நிலையங்கள் இருந்தன. சிறுபான்மையினர் கையில் இருந்தவை பத்து. டி.வி. நிலையங்கள் ஆயிரத்துக்கு மேல் இருந்தன. அவர்கள் கையில் ஒன்றுகூட இல்லை. யாருக்கு மைக் கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கிற மேசையில்தான் ஹூக்ஸ் போய் உட்கார்ந்தார்.

அங்கே அவர் இருந்த காலத்தில் நல்லவை நடந்தன. டெட்ராய்ட்டில் கறுப்பர்களின் மேசன் சகோதரச் சங்கம் ஒன்றுக்குக் கிடைத்த அனுமதியில், 1975 செப்டம்பரில் டபிள்யூ.ஜி.பி.ஆர். டி.வி. ஒளிபரப்பைத் தொடங்கியது. அமெரிக்கப் பெருநிலத்தில் கறுப்பர்களுக்குச் சொந்தமான முதல் டி.வி. நிலையம் அது. அதே 1975இல், கறுப்பர்கள் பற்றிய நிகழ்ச்சிகளை ஒதுக்கி வைத்ததற்காக அலபாமா மாநிலக் கல்வி டி.வி.யின் உரிமங்களைப் புதுப்பிக்க ஆணையம் மறுத்தது. ஒரு மாநில அரசின் டி.வி.க்கு அப்படிச் சொல்வது சின்ன விஷயம் இல்லை.

நீதிபதியாக இருந்த பழக்கமும் கைகொடுத்தது. 1973இல் நியூயார்க் வானொலி ஒன்றில் ஜார்ஜ் கார்லினின் கெட்ட வார்த்தை நகைச்சுவை பட்டப்பகலில் ஒலிபரப்பானது. மகனோடு காரில் போன ஒருவர் கேட்டுவிட்டுப் புகார் அனுப்பினார். 1975இல் ஆணையம் அந்த நிலையத்தைக் கண்டித்தபோது, கிளென் ராபின்சன் என்ற ஆணையர் தனியாக ஓர் உடன்பாட்டுக் குறிப்பு எழுத, ஹூக்ஸ் அதில் சேர்ந்துகொண்டார். வார்த்தையே ஆபாசம் என்று அவர்கள் சொல்லவில்லை. எங்கே, எந்த நேரத்தில், யார் காதில் விழுகிறது என்பதைப் பொறுத்துத்தான் அது பொதுத் தொல்லையாகிறது என்றார்கள். தெருவில் பன்றி வளர்த்தால் தொல்லை, தொழுவத்தில் வளர்த்தால் இல்லை என்கிற பழைய சட்ட வாதம்தான். கிரிமினல் கோர்ட்டில் உட்கார்ந்தவருக்கு இது இயல்பாக வரும்.

அதே மேசையில் கை கட்டிப்போடப்பட்ட அனுபவமும் உண்டு. ஹூக்ஸ் பதவியேற்றது 1972 ஜூலை 5. அடுத்த மாதத் தொடக்கத்திலேயே ஒரு சிக்கல். ஜார்ஜியாவில் செனட் வேட்பாளராக நின்ற ஜே.பி. ஸ்டோனர், வெளிப்படையான இனவெறி விளம்பரங்களை ரேடியோவிலும் டி.வி.யிலும் ஓட்டிக்கொண்டிருந்தார். தடுக்கச் சொல்லி அட்லாண்டா என்.ஏ.ஏ.சி.பி. ஆணையத்திடம் மனு கொடுத்தது. வேட்பாளரின் பேச்சைத் தணிக்கை செய்யக் கூடாது என்று தகவல்தொடர்புச் சட்டத்தின் 315ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. உடனடி வன்முறை அபாயம் இருந்தால் தவிர ஒன்றும் செய்ய முடியாது என்று ஆணையம் மனுவைத் திருப்பிவிட்டது. முதல் கறுப்பின ஆணையர் வந்த முதல் மாதத்தில், அவர் பின்னாளில் தலைமை ஏற்கப்போகிற சங்கத்தின் மனு தள்ளுபடி. சட்டப்படி சரியான முடிவுதான் என்று நானும் நினைக்கிறேன். அந்த நாற்காலி எவ்வளவு குறுகலானது என்று ஹூக்ஸுக்கு முதல் மாதமே தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. அந்த ஆணையத்தைப் பெரிய அளவில் அசைத்த சம்பவங்களை எடுத்துப் பார்த்தால், முதல் தள்ளு வெளியிலிருந்து வந்திருக்கிறது. மிசிசிப்பி மாநிலம் ஜாக்சனில் டபிள்யூ.எல்.பி.டி. என்று ஒரு டி.வி. நிலையம். 1955இல் என்.ஏ.ஏ.சி.பி. வக்கீல் தர்குட் மார்ஷல் தேசிய ஒளிபரப்பில் பேச வந்தபோது படத்தை வெட்டிவிட்டு, 'மன்னிக்கவும், கேபிள் கோளாறு' என்று அட்டை போட்ட நிலையம். அதன் உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்று 1964இல் ஒரு கிறிஸ்தவத் திருச்சபை மனு போட்டது. பார்ப்பவர்களுக்கு வழக்காடத் தகுதி இல்லை என்றது எஃப்.சி.சி. உண்டு என்று 1966இல் சொன்னது மேல்முறையீட்டு நீதிமன்றம். 1969இல் அதே நீதிமன்றம் உரிமத்தையே ரத்து செய்ய வைத்தது. உரிமத்துக்குப் பலர் போட்டியிடும்போது சிறுபான்மையினரின் பங்கை ஒரு தகுதியாகக் கணக்கில் எடு என்று ஆணையத்துக்கு உத்தரவிட்டதும் ஒரு நீதிமன்றம்தான், 1973இல். உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் தாமாக எழுந்து செய்த காரியங்கள் இல்லை இவை. மனு வந்தது, தள்ளினார்கள், நீதிமன்றம் திருப்பி அனுப்பியது, பிறகு செய்தார்கள்.

ஆக முதல் வழியின் மதிப்பு: ஏழில் ஓர் ஓட்டு, நல்ல சம்பளம், வாஷிங்டனில் மரியாதை, 1979 வரை நிம்மதி. வரவேண்டியவை வந்தால் ஓட்டுப் போடலாம். வராவிட்டால் காத்திருக்க வேண்டும். மெம்ஃபிஸ் கோர்ட்டில் உட்கார்ந்திருந்த அதே நாற்காலி, கொஞ்சம் மெத்தை கூடுதல்.

இரண்டாவது வழி, தலைவர் பதவி. இதற்கு நேரம் பொருந்தி வந்தது. ஆணையத் தலைவரை அதிபர்தான் தேர்ந்தெடுக்கிறார். அப்போதைய தலைவர் ரிச்சர்ட் வைலி குடியரசுக் கட்சிக்காரர். அவருடைய காலம் 1977இல் முடிகிறது. ஹூக்ஸ் ஜனநாயகக் கட்சியினருக்கான இடத்தில் உட்கார்ந்திருந்தவர், அதிபரும் இப்போது ஜனநாயகக் கட்சி. எந்த விஷயம் எப்போது கூட்டத்துக்கு வரும் என்பதைத் தலைவர் தீர்மானிக்கலாம், அலுவலர்களை அமர்த்தலாம். நீதிபதி நாற்காலியின் குறையை, கேஸ் தானாக வரும் வரை காத்திருக்கும் குறையை, இது பாதிக்குப் பாதி தீர்த்துவிடும்.

ஆனால் தலைவருக்கும் ஓட்டு ஒன்றுதான். இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. எஃப்.சி.சி.க்கு முன்னால் இருந்த ரேடியோ ஆணையத்தின் தலைவராக 1928இல் ஐரா ராபின்சன் இருந்தார். மேற்கு வர்ஜீனியாவின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். அந்த வருடம் நாட்டின் அலைவரிசைகளையெல்லாம் கலைத்துப் போட்டுப் புதிதாகப் பங்கிட்டார்கள். தலைவருக்கு அதில் சம்மதமில்லை, பங்குபெற மறுத்தார். மற்றவர்கள் அவரை ஓரமாக வைத்துவிட்டு வேலையை முடித்தார்கள். அமெரிக்க ஒலிபரப்பின் வரைபடத்தை நிரந்தரமாக மாற்றிய முடிவு, தலைவர் இல்லாமலே நடந்தது. அப்புறம் இன்னொரு விஷயம்: இந்தப் பதவி ஹூக்ஸ் தேர்ந்தெடுக்கக்கூடியது இல்லை, கார்ட்டர் கொடுக்க வேண்டியது. கார்ட்டர் கடைசியில் செனட்டின் ஜனநாயகக் கட்சித் தலைமையிடம் வேலை பார்த்த சார்ல்ஸ் ஃபெரிஸைத்தான் நியமித்தார். கிடைக்குமோ கிடைக்காதோ என்பதற்காகக் கையில் வந்த அழைப்பைத் தள்ளிப் போடுவது புத்திசாலித்தனமாக எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது வழியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஆணையத்திலிருந்து வெளியே வந்து, அதே ஆணையத்தின் முன் நிலையங்களுக்காக வாதாடும் வக்கீலாவது வாஷிங்டனில் ரொம்பப் பழைய பாதை. மிசிசிப்பி உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த யூஜின் சைக்ஸ் 1927இல் ரேடியோ ஆணையத்துக்கு வந்தார், 1934இல் எஃப்.சி.சி.யின் முதல் தலைவரானார், 1939இல் விலகி வாஷிங்டனிலேயே ரேடியோ சட்ட வக்கீலாக உட்கார்ந்துவிட்டார். நல்ல வருமானம். ஹூக்ஸுக்கும் கிளையன்ட்கள் வரிசையில் நின்றிருப்பார்கள். அல்லது மெம்ஃபிஸ் திரும்பி, ஞாயிறு பிரசங்கம், வாரநாளில் கோர்ட் என்று இருந்திருக்கலாம். குடும்பத்துக்கு நல்லது. நான் மேலே சொன்ன பெரியவர்கள் இதைத்தான் சிபாரிசு செய்திருப்பார்கள்.

நான்காவது வழியில் பளபளப்பு எதுவும் இல்லை. ராய் வில்கின்ஸுக்கு 75 வயது. 1955 முதல் அந்த நாற்காலியில் இருந்தவர், மனமுவந்து எழவில்லை. சங்கம் கடனில் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேல் மிசிசிப்பி. 1966இல் போர்ட் கிப்ஸன் என்ற சின்ன ஊரில் கறுப்பர்கள் வெள்ளை வியாபாரிகளின் கடைகளில் பொருள் வாங்குவதை நிறுத்தினார்கள். வியாபாரிகள் கேஸ் போட்டார்கள். 1976 ஆகஸ்டில், அதாவது ஹூக்ஸ் தேர்ந்தெடுக்கப்படுவதற்கு மூன்று மாதம் முன்னால், மாநில நீதிமன்றம் ஒன்று அந்தப் புறக்கணிப்பில் பங்கெடுத்தவர்களும் என்.ஏ.ஏ.சி.பி.யும் சேர்ந்து 12,50,699 டாலர் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு எழுதியது. மேல்முறையீடு செய்வதற்கான பிணைத்தொகைக்கே நாடு முழுக்கப் பணம் திரட்ட வேண்டியிருந்தது. வசூல் ஆகிவிட்டால் சங்கமே மூட வேண்டியதுதான்.

ஒரு மாநில நீதிபதி பேனாவை எடுத்து ஒரு கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்பது ஹூக்ஸுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவரே அந்தப் பேனாவைப் பிடித்தவர். இந்தச் சங்கத்துக்குப் போனால், வக்கீலாக இருந்த நாட்களைப் போல, மறுபடியும் அவர் மேசைக்கு எதிர்ப்பக்கம் நிற்பார், அதுவும் தோற்றுக்கொண்டிருக்கிற கேஸோடு. ஆனால் எந்தக் கேஸைப் போடுவது, எந்த உரிமத்தை எதிர்ப்பது, எந்தக் கதவைத் தட்டுவது என்பதை அவர் தீர்மானிப்பார். நீதிபதி நாற்காலியிலும் ஆணையர் நாற்காலியிலும் இல்லாதது அதுதான்.

இரண்டு தட்டையும் வைத்துப் பார்த்தால் என் ஓட்டு நான்காவது வழிக்கு. பின்னால் நடந்ததை வைத்துச் சொல்கிறேன், அது கொஞ்சம் அநியாயம்தான். இருந்தாலும் பாருங்கள். ஹூக்ஸ் விட்டுப்போன ஆணையர் நாற்காலி காலியாக இருக்கவில்லை. டைரோன் பிரவுன் என்ற கறுப்பின வக்கீல் அதில் வந்து உட்கார்ந்தார். 1978 மே மாதம் சிறுபான்மை உரிமையாளர் கொள்கையை ஆணையம் அறிவித்தது. சிறுபான்மையினருக்கு நிலையத்தை விற்பவருக்கு வரிச் சலுகை. உரிமத்தை இழக்கும் நிலையில் இருக்கிற முதலாளி, சந்தை விலைக்குக் குறைவாக அவர்களுக்கு விற்றுவிட்டு வெளியேறலாம். ஹூக்ஸ் ஐந்து வருடம் பேசிக்கொண்டிருந்த விஷயம், அவர் போன பத்தாவது மாதம், அவருடைய ஓட்டு இல்லாமலே நிறைவேறியது. அன்றைக்கு நாட்டில் இருந்த சுமார் 8,500 வணிக நிலையங்களில் சிறுபான்மையினருடையவை ஒரு சதவீதம்கூட இல்லை.

இந்தக் கொள்கை எவ்வளவு காலம் நின்றது? 1990இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஆணையத்தின் சிறுபான்மை முன்னுரிமைகளைக் காப்பாற்றியது. 1995இல் நாடாளுமன்றம் வரிச் சலுகையை ரத்து செய்தது. அதே வருடம், நெடுஞ்சாலைத் தடுப்புக் கம்பி ஒப்பந்தம் பற்றிய ஒரு வழக்கில், 1990 தீர்ப்பின் அடிப்படையையே உச்ச நீதிமன்றம் கைவிட்டது. ஆணையத்தில் ஓட்டுப் போட்டுச் செய்ததெல்லாம் இன்னொரு ஓட்டில் போய்விடக்கூடியது.

மிசிசிப்பி கேஸ் அப்படி இல்லை. 1982 ஜூலை 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தப் பன்னிரண்டரை லட்சம் டாலர் தீர்ப்பை ரத்து செய்தது. எதிர்த்து ஒரு நீதிபதிகூட எழுதவில்லை. என்.ஏ.ஏ.சி.பி.யின் பழைய வக்கீலும் அப்போது உச்ச நீதிமன்ற நீதிபதியுமான தர்குட் மார்ஷல் மட்டும் விலகி இருந்தார். அமைதியாகக் கூடிப் பொருள் வாங்க மறுப்பது அரசியல் சட்டம் காக்கிற பேச்சு என்று ஆனது, இன்றைக்கும் அது சட்டம். இதை ஹூக்ஸ் ஜெயித்தார் என்று சொல்ல மாட்டேன், வாதாடியவர்கள் வக்கீல்கள். தீர்ப்பு வருகிற வரை சங்கத்தின் கதவு மூடாமல் பார்த்துக்கொண்டது அவர் வேலை. ஆணையத்தில் அவர் இடத்தை நிரப்ப ஆள் இருந்தது. இங்கே அந்த நேரத்தில் வாஷிங்டனும் தெரிந்து, கோர்ட்டும் தெரிந்து, மேடையில் ஏறினால் பணம் திரட்டவும் தெரிந்த ஆள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

அவர் முடிவில் எனக்கு ஒரே ஒரு குறை உண்டு. நவம்பரில் தேர்வானவர் மறுநாளே கிளம்பவில்லை. வில்கின்ஸ் அடுத்த கோடை வரை இருக்கட்டும் என்று ஏற்பாடு. அதனால் எட்டு மாதத்துக்கு மேல் ஹூக்ஸ் ஆணையத்திலேயே உட்கார்ந்திருந்தார். மனு போடுகிற சங்கத்துக்குத் தலைவராகப் போகிறவர், மனுவை விசாரிக்கிற மேசையில். தவறாக எதுவும் செய்தார் என்று நான் சொல்லவில்லை. கிரிமினல் கோர்ட்டில் இருந்தபோது இப்படி ஒருவர் ஜூரியில் உட்கார்ந்திருந்தால் அவரே எழுப்பி வெளியே அனுப்பியிருப்பார். 1977 ஜூலை 25ஆம் தேதி ஆணையத்தை விட்டார். ஆகஸ்ட் 1ஆம் தேதி சங்கத்தின் பொறுப்பை ஏற்றார். நடுவில் கிடைத்தது ஒரு வாரம்.